யார் உட்கார்ந்த நாற்காலி?

போன தை மாதம் ஓசூர் பாகலூர் சாலையில் நண்பன் ஒருவனின் புதுமனை புகுவிழா. சுற்றுச்சுவரும் வாசலில் காவலாளியும் வைத்த வில்லா குடியிருப்பு. பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, நெருக்கமான நாலைந்து பேரை உள்ளே கூட்டிப்போய் சாப்பாட்டு மேசையைக் காட்டினான். காரைக்குடியில் வாங்கிய பழைய இரட்டைக் கதவைப் படுக்கப் போட்டு, இரும்புக் கால் வைத்து, மேலே கண்ணாடி பொருத்தியிருந்தார்கள். நிலையின் மேற்கட்டையையும் சேர்த்தே வாங்கியிருந்தான். இரண்டு பக்கமும் யானைகள் நீர் வார்க்க நடுவில் கஜலட்சுமி. அதையும் கண்ணாடிக்கு அடியில் பதித்திருந்தார்கள். பரிமாறிய அவசரத்தில் யாரோ அதற்கு நேர் மேலே சாம்பார் வாளியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“ஒரிஜினல் பர்மா தேக்குடா. நூத்தி இருபது வருஷம். தட்டிப் பாரு.”

தட்டிப் பார்த்தேன். நல்ல மரம்தான். “யார் வீட்டுக் கதவு?” என்றேன்.

“செட்டிநாடு.”

“அது வட்டாரம். யார் வீடு? எந்த ஊரு?”

“அதெல்லாம் யாருடா கேப்பாங்க?”

யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் பிரச்சினை. பழைய மரச்சாமான்களால் வீட்டை அலங்கரிக்கும் இந்த மோஸ்தர், தன்னைப் ‘பாரம்பரியத்தின் மீதான மரியாதை’ என்று சொல்லிக்கொள்கிறது. பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வரைக்கும், எங்கள் தலைமுறை ஐடிக்காரர்களின் வரவேற்பறைகளில் அது ஒரு தகுதிச் சான்றிதழ்போல ஆகிவிட்டது. ஒரு தூண், ஒரு ஊஞ்சல், ஒரு சாய்வு நாற்காலி, மூலையில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட்ட உருளி. எனக்கு இது மரியாதையாகத் தெரியவில்லை. இன்னொருவரின் கடந்தகாலத்தைக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டு, நம்முடையதைக் காயலான் கடைக்கு அனுப்புகிற வேலை என்றே தெரிகிறது. நானும் அதைச் செய்தவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

*

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். கடை முகப்பில் தூண்களைச் சாய்த்து வைத்திருப்பார்கள். உள்ளே எனாமல் பாத்திரங்கள், ரவிவர்மா அச்சுப் படங்கள், ரசம் போன கண்ணாடிகள், தொட்டில் கட்டைகள். இவற்றுக்கு நடுவே, சட்டம் போட்ட யாரோ ஒரு தாத்தாவின் புகைப்படமும் விற்பனைக்கு இருக்கும். தாத்தாவையே விலைக்கு வாங்கலாம்.

அந்தத் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். எந்தப் பணத்தில் வந்தது என்பதை அதோடு சேர்த்துச் சொல்வதில்லை. நகரத்தார் கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தார்கள். அந்த வட்டியில் இங்கே வீடுகள் எழுந்தன. 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈடாக இருந்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம். அவர்கள் வலியத் தேடிய நிலம் அல்ல அது, பணமாக வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆனால் நிலமிழந்த பர்மிய விவசாயிக்கு அந்த வித்தியாசம் முக்கியமில்லை. அவருடைய கோபம் லேவாதேவிக்காரரோடு நிற்காமல் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கூலிகள் மீதும் இறங்கியது. 1942-ல் ஜப்பானியப் படை வந்தபோது காசிருந்தவர்கள் கப்பலேறினார்கள். இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் காடும் மலையும் தாண்டி நடந்தார்கள், வழியிலேயே ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1962-க்குப் பிறகு வந்த ராணுவ ஆட்சி மிச்சமிருந்ததையும் நாட்டுடைமையாக்கியது.

இங்கே வரும்படி நின்றுபோனது, வீடுகள் மட்டும் நின்றன. தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரிந்து ஒரே வீட்டுக்குப் பல டஜன் பங்காளிகள் ஆனார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் டெக்சஸில். ஓடு மாற்ற ஒருவர் பணம் போட்டால் இன்னொருவர் போடமாட்டார். மழை உள்ளே இறங்கும். ஒருநாள் எல்லோரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போவார்கள்: பிரித்து விற்றுவிடலாம். தூண் தனி, உத்திரம் தனி, நிலை தனி, கதவு தனி.

நிலை வைப்பது என்றால் நம்மூரில் என்னவென்று வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். நல்ல நாள் பார்த்து, மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, அடியில் நவதானியமும் காசும் போட்டு நிறுத்துவார்கள். வாடகைக்கு வாழ்ந்தே பழகிய அப்பா அம்மாக்கள் அந்த நாளில் கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலை பெயர்க்கப்படுகிறது என்றால் ஒரு குடும்பத்தின் கதை ஏதோ ஒரு சண்டையிலோ சலிப்பிலோ முடிந்திருக்கிறது என்று பொருள். என் நண்பனின் மேசை அப்படி முடிந்துபோன ஒரு பாகப்பிரிவினை. அதன்மேல் அவன் இட்லி சாப்பிடுகிறான்.

தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ நாவலைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1997-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். நொடித்துப்போன ஒரு பெரிய வீடு, அதன் பொருள்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போகின்றன. நாம் அதை வாசிக்கும்போது விற்கிறவர் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். வாங்கிக்கொண்டு போகிறவரின் வரவேற்பறையை எழுத இன்னும் ஒரு நாவல் பாக்கி இருக்கிறது. அதில் நாமெல்லாம் வருவோம்.

*

“நான் வாங்கலைன்னா அது விறகாப் போயிருக்கும்” என்பது எல்லோரும் சொல்லும் பதில். இதில் உண்மை இல்லாமல் இல்லை. பழைய தேக்கு எந்த எம்டிஎஃப் பலகையையும்விட மேல். நாலு முறை ஈரத்துணி பட்டால் ஓரம் ஊதிப்போகிற, ஒரு வீடு மாற்றினால் ஆணி பிடிப்பு விட்டுப்போகிற சாமானைத்தான் தவணையில் வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஆணியே இல்லாமல் பூட்டிய பழைய அலமாரியைப் பிரித்து மறுபடி பூட்டலாம். புது மரம் வெட்டாமல் பழையதைப் பயன்படுத்துவதை நான் ஏன் எதிர்க்கப் போகிறேன்? பழைய சாமானைப் பழைய சாமான் என்று சொல்லி வாங்கி, அதில் துணி மடித்து வைத்தால் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

ஆனால் விறகு வாதம் ஒரு இடத்தில் ஏமாற்றுகிறது. ஏற்கெனவே விழுந்த வீட்டின் மரம் மட்டுமே சந்தைக்கு வருவதுபோல அது பேசுகிறது. வீடு முழுசாக நிற்பதைவிடத் துண்டு துண்டாக அதிக விலை போகும் என்றால், ஓட்டை மாற்றலாமா விற்கலாமா என்று தயங்கும் பங்காளிக்கு அந்த விலையே பதில் சொல்லிவிடும். செட்டிநாட்டின் ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அதே 2014 ஏப்ரலில் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதிக்குத் தடை போட்டது. முழு மரமாக அங்கிருந்து வருவது நின்றபின், இங்கே நிற்கும் வீடுகளுக்குள் இருக்கும் தேக்கின் மேல் கண் விழாமல் இருக்குமா? ஒரு பக்கம் பாதுகாக்க வேண்டிய ஊர் என்று பட்டியல் போடுகிறோம், மறுபக்கம் அதே ஊரின் வாசலை இன்ஸ்டாகிராமில் ‘ரீகிளெய்ம்டு உட்’ என்று ஹேஷ்டேக் போட்டு வாங்குகிறோம்.

வயது விஷயத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள ஒரு பொருள் நூறு ஆண்டைத் தாண்டினால் அது தொல்பொருள். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். விலை சொல்லும்போது நூற்றிருபது வருஷம் என்கிற கடைக்காரரிடம் உரிமத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். “சார், இது வெறும் பழைய கதவு சார்” என்பார். ஒரே நிமிஷத்தில் கதவு ஐம்பது வயது இளமையாகிவிடும்.

பெயர்த்து வைப்பதையும் முறையாகச் செய்ய முடியும். முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவுக்குப் போயிருப்பீர்கள். அங்கே செட்டிநாட்டு வணிகர் வீடு மட்டும் நிற்கவில்லை. நெசவாளர் வீடும், குயவர் வீடும், விவசாயி வீடும் நிற்கின்றன. எந்த வீடு, யார் வாழ்ந்த வகை, என்ன தொழில் என்று சொல்லித்தான் காட்டுகிறார்கள். நம் வரவேற்பறைகளுக்கு வருவது வணிகர் வீட்டுத் தூண் மட்டும்தான். குயவர் வீட்டுக் கதவை யாராவது மேசையாக்கி நீங்கள் பார்த்ததுண்டா?

*

இங்கேதான் எனக்கு உண்மையான கோபம் வருகிறது. பழைய மரச்சாமான் என்று நாம் சொல்வது எல்லோருடைய பழமையும் அல்ல. நம்மில் பெரும்பாலானவர்களின் தாத்தா வீட்டில் மரச்சாமானே கிடையாது. பாய் இருந்தது. கயிற்றுக் கட்டில் இருந்தால் வசதி. உட்கார ஒரு மணைப்பலகை, ஏறி எடுக்க ஒரு முக்காலி. துணி கொடியில் தொங்கியது, நெல் குதிரில் கிடந்தது. கை வைத்த நாற்காலி என்பது மணியக்காரர் வீட்டிலும் மிட்டாதாரர் வீட்டிலும் கச்சேரியிலும் இருந்த பொருள். அதில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது எதிரே பத்துப் பேர் நின்றார்கள். அவர்களில் சிலர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். சிலர் திண்ணைக்குக்கூட ஏறமுடியாமல் தெருவில் நின்றார்கள்.

ஆகவே சாய்வு நாற்காலி வாங்கும் நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்த நாற்காலி புதிதாக இருந்த காலத்தில் உங்கள் தாத்தா எங்கே இருந்தார்? உட்கார்ந்திருந்தாரா, நின்றுகொண்டிருந்தாரா? நின்றவரின் பேரன் இன்று சொந்தச் சம்பாத்தியத்தில் அதில் கால் நீட்டிச் சாய்ந்தால், அது ஒரு வெற்றி என்றே எடுத்துக்கொள்வேன். கைதட்டுவேன். ஆனால் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு வாங்குவதில்லை. “எங்க தாத்தா காலத்து வீடு மாதிரி ஒரு ஃபீல்” என்றுதான் சொல்கிறார்கள். நின்றவரின் நினைவை அழித்துவிட்டு, உட்கார்ந்தவரைத் தாத்தாவாகத் தத்தெடுத்துக்கொள்கிறோம். அந்தக் கடையில் சட்டம் போட்டு விற்கும் புகைப்படத்துக்கு இப்போது அர்த்தம் புரிகிறதா?

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்தால் 2020 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், ஒரு பட்டியல் சாதிப் பெண், கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்டிருந்த படம் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. மற்றவர்களுக்கு நாற்காலி இருந்தது. இந்த மாநிலத்தில் நாற்காலி இன்னும் வெறும் மரமாகவில்லை.

அடுத்த வருடம், 2021 செப்டம்பரில், தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் போட வேண்டி வந்தது. கேரளாவில் கோழிக்கோட்டின் பெண்கூட்டு அமைப்பினர் வருடக்கணக்கில் போராடி 2018-ல் பெற்ற உரிமை அது. பன்னிரண்டு மணி நேரம் நின்று, கால் நரம்பு சுருண்டு, தண்ணீர் குடித்தால் கழிப்பறை போக வேண்டுமே என்று குடிக்காமல் இருந்த பெண்கள் கேட்டது ஒரு ஸ்டூல். அடுத்தமுறை பெரிய மரச்சாமான் ஷோரூமுக்குப் போனால் கவனியுங்கள். சுற்றிலும் நூறு நாற்காலி. நடுவில் சீருடை போட்ட பையன் நின்றுகொண்டு விலை சொல்வான்.

*

ஓசூருக்கு வருகிறேன். எங்கள் ஊருக்குப் பழைய மரச்சாமான் உண்டா? உண்டு. யாரும் அதை ஆன்டிக் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

1970-களில் சிப்காட் வந்தது. 1980-களில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் இங்கிருந்து போக ஆரம்பித்தன. அவற்றைச் செய்யும் இயந்திரங்கள் மரப்பெட்டிகளில் வந்தன. பெட்டியைப் பிரித்த பைன் பலகையும் பேலட் கட்டையும் காயலான் ஏலத்துக்குப் போகும். கொஞ்சம் கேட் பாஸ் போட்டுத் தொழிலாளிகள் வீட்டுக்கும் போகும். மத்திகிரி, ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி லைன் வீடுகளில் எங்கள் பிள்ளைப்பருவம் முழுக்க அந்த மரத்தின் மேல்தான் கழிந்தது. கட்டில், டிவி ஸ்டாண்ட், செருப்பு அலமாரி, சாமி படம் வைக்கிற பலகை, கோழிக் கூண்டு. எல்லாம் வெளிறிய மஞ்சள், ரோஸ் கணுக்கள், பிசின் வாசம்.

2006-ல் நான் பிளஸ் டூ படிக்கும்போது அப்பா அப்படி ஒரு மேசையும் பெஞ்சும் செய்யச் சொன்னார். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசும் ஆசாரி ஒருவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து கொடுத்தார். பெஞ்சின் அடியில் ஒரு முத்திரை சூடு வைத்ததுபோல் பதிந்திருக்கும். ஒரு கதிர் மாதிரி படம், ‘டிஇ’ என்று இரண்டு எழுத்து, சில எண்கள், ‘ஹெச்டி’. சப்பணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தால் அது கண்ணுக்கு நேராகத் தெரியும். அது என்ன என்று வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஒரு நாட்டின் பூச்சி இன்னொரு நாட்டுக்குப் போகக் கூடாது என்பதற்காக 2002-ல் வந்த சர்வதேச விதி. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் முப்பது நிமிடம் இருந்தது என்பதற்கான அடையாளம் அந்த ‘ஹெச்டி’. ‘டிஇ’ என்றால் ஜெர்மனி. என் நண்பனின் கதவு எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. என் பெஞ்சு எந்த நாட்டு மரம், என்ன சூட்டில் வெந்தது என்பதுவரை அதிலேயே எழுதியிருந்தது.

அந்த பெஞ்சை நான்தான் தூக்கிப் போட்டேன். சொந்த ஃப்ளாட்டுக்கு வந்தபோது, “இது செட்டாகாதும்மா” என்று பழைய இரும்புக்காரரிடம் இனாமாகக் கொடுத்தேன். அதே மாதம் ஒரு கடையில் ‘விண்டேஜ் பெஞ்சு’ ஒன்றை என் ஒன்றரை மாத வாடகைக்குச் சமமான விலைக்கு வாங்கினேன். ஓரங்கள் தேய்ந்து, நடுவில் கீறல் விழுந்து, நாலு தலைமுறை உட்கார்ந்ததுபோல இருந்தது. ஒரு கால் ஆடியதைச் சரிசெய்ய வந்த ஆசாரி சிரித்துவிட்டார். மாமரம், செய்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது என்றார். சங்கிலியால் அடித்தால் தழும்பு வரும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் ரேகை எழும்பும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்துப் பூசினால் ஒரே மத்தியானத்தில் ஐம்பது வருஷப் பழுப்பு ஏறும். ஜோத்பூரில் இதற்கென்றே பட்டறைகள் இருக்கின்றன, ஏற்றுமதியே நடக்கிறது. யாரோ ஒரு தொழிலாளி சங்கிலியால் அடித்து உண்டாக்கிய தேய்மானத்தைக் காசு கொடுத்து வாங்கியிருந்தேன். நானும் அப்பாவும் உட்கார்ந்து உட்கார்ந்து உண்டாக்கிய தேய்மானத்தை இனாமாகக் கொடுத்திருந்தேன்.

ஏமாந்தேன் என்பது சின்ன விஷயம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா டீ குடிக்கும்போது எப்போதும் அந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவார். ஒருநாள் “மேல உக்காருங்கக்கா” என்றேன். “இருக்கட்டும் தம்பி, அது பாக்கறதுக்கு வெச்சிருக்கறதுதானே” என்றார். அவர் குத்திச் சொல்லவில்லை, இயல்பாகத்தான் சொன்னார். மணியக்காரர் வீட்டு நாற்காலிக்கு முன்னால் என் தாத்தா நின்ற இடம் எதுவோ, அதை என் ஃப்ளாட்டில் நான் திரும்ப ஏற்பாடு செய்திருக்கிறேன். பைன் பெஞ்சு இருந்திருந்தால் அவர் யோசிக்காமல் உட்கார்ந்திருப்பார்.

*

வாங்காதீர்கள் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் கேட்கவும் மாட்டீர்கள். வாங்குவதென்றால், எந்த ஊர், எந்த வீடு, ஏன் பிரித்தார்கள் என்று கேளுங்கள். தெரியாது என்று பதில் வந்தால், அதைப் பாரம்பரியம் என்று அழைக்காமல் பழைய மரம் என்றே அழையுங்கள், விலையையும் அதற்கேற்பப் பேசுங்கள். கதவை மேசையாக்குவதற்கு முன் கதவாகவே மாட்ட முடியுமா என்று ஒரு ஆசாரியிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் அதில் உட்காருங்கள், உங்கள் வீட்டில் யார் யார் அதில் உட்காரவில்லை என்றும் கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அப்பா அம்மா வீட்டில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். பெயின்ட் உதிர்ந்த பீரோ, ஒயர் பின்னிய நாற்காலி, கல்யாணச் சீராக வந்த இரும்புக் கட்டில், பேக்கிங் மர ஸ்டூல். அவற்றில் ஒவ்வொன்றும் யார் சம்பளத்தில், எந்தப் போனஸில் வந்தது என்று அவர்கள் தேதியோடு சொல்வார்கள்.

பெஞ்சு போய்விட்டது. மேசை மத்திகிரியில் அம்மா வீட்டில் இன்னும் இருக்கிறது. அதையாவது ஃப்ளாட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம் என்று போன வாரம் கேட்டேன். அம்மா கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அதன்மேல் கிரைண்டர் இருக்கிறதாம்.